மார்த்தாண்டத்தில் ஓர் ஆடிட்டர் அலுவலகம்: மூன்று ஆண்டு வாடிக்கையாளரின் மதிப்புரை

குழித்துறைக்கு அருகே தேனை வாங்கி, வடிகட்டி, குப்பியில் அடைத்து, பெயர்ச்சீட்டு ஒட்டி விற்கும் சிறு தொழில் என்னுடையது. சில்லறையாக அளந்து விற்கும் இயற்கைத் தேனுக்கு ஜி.எஸ்.டி. இல்லை, அதையே அடைத்துச் சீட்டு ஒட்டிவிட்டால் 5 சதவீதம். என் விற்பனை ஓர் ஆண்டில்கூட 40 லட்சம் ரூபாயைத் தொட்டதில்லை. சரக்கு மட்டும் விற்பவருக்குத் தமிழ்நாட்டில் அந்த வரம்பு வரை பதிவு தேவையில்லை என்றாலும், கேரளத்தின் பாறசாலையிலும் நெய்யாற்றின்கரையிலும் உள்ள கடைகளுக்குச் சரக்கு போவதால், முதல் குப்பி மாநில எல்லையான களியக்காவிளையைத் தாண்டும்போதே பதிவு கட்டாயமாகிவிடுகிறது. நம் கன்னியாகுமரி மாவட்டத்தின் மேற்குப் பகுதியில் தொழில் செய்கிற பலருடைய நிலையும் இதுதான்.

மேம்பாலத்துக்குப் பக்கத்துத் தெருவில், மாடியில் இயங்கும் இந்த அலுவலகத்துக்கு நான் முதலில் போனது வங்கிக் கடனுக்கான கணக்குத் தாள்களுக்காகத்தான். அதுவரை வேறொருவர் எனக்கு ஜி.எஸ்.டி. ரிட்டர்ன் (வரிக்கணக்கு அறிக்கை) தாக்கல் செய்துவந்தார்; தேதி தவறியதில்லை என்பதால் எல்லாம் சரியாக இருப்பதாகவே நம்பியிருந்தேன். இங்கிருந்த ஆடிட்டர் அம்மா கடன் பேச்சைத் தொடங்குவதற்கு முன்பே ஜி.எஸ்.டி. தளத்தைத் திறந்து, கூடுதல் அறிவிப்புகளும் ஆணைகளும் இருக்கும் பகுதிக்குப் போனார். 2020-21 நிதியாண்டின் ரிட்டர்னில் கண்ட முரண்பாட்டுக்கு விளக்கம் கேட்கும் ஏ.எஸ்.எம்.டி.-10 அறிவிப்பு ஒன்று அங்கே 19 நாட்களாகக் கிடந்தது. பதிவில் மின்னஞ்சலும் கைபேசி எண்ணும் பழைய ஆலோசகருடையவை. ஆகவே எனக்கு ஒரு குறுஞ்செய்திகூட வரவில்லை.

நான் வாங்கிய சரக்கில் கோரிய உள்ளீட்டு வரி வரவுக்கும் (வாங்கும்போது கொடுத்த வரியை, நான் கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொள்ளும் தொகை), விற்றவர்கள் தங்கள் ரிட்டர்னில் காட்டியதற்கும் இடையே 41,280 ரூபாய் வேறுபாடு இருந்தது. இத்தகைய அறிவிப்புக்குப் பதில் சொல்ல 30 நாட்கள் உண்டு. பதில் போகாவிட்டால் அடுத்து காரணம் கேட்கும் அறிவிப்பும், அதன் பிறகு வணிகரின் தரப்பைக் கேட்காமலேயே ஆணையும் வந்துவிடலாம். ஆணையை எதிர்த்து மேல்முறையீடு செய்ய மூன்று மாதங்கள்தான் உண்டு; வழக்கிலுள்ள வரியில் 10 சதவீதத்தை முன்கூட்டியே கட்டவும் வேண்டும். தளத்தில் ஏற்றப்பட்ட அறிவிப்பைப் பார்க்காமல் விட்டுவிட்டு, பின்னர் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை வரை அலைந்த வணிகர்கள் நிறையப் பேர் உண்டு.

மீதமிருந்த 11 நாட்களில் இவர்கள் செய்த வேலைக்காகவே இந்த மதிப்புரையை எழுதுகிறேன். முதல் நாளே தொடர்பு எண்ணையும் மின்னஞ்சலையும் என் பெயருக்கு மாற்றினார்கள். பிறகு அந்த ஆண்டின் கொள்முதல் பில்களை ஒவ்வொன்றாகப் பிரித்து, வேறுபாட்டின் பெரும்பகுதி குப்பி விற்ற ஒரே வியாபாரியிடமிருந்து வந்தது என்று கண்டுபிடித்தார்கள். அவர் வரியைக் கட்டியிருந்தார். ஆனால் என் பதிவு எண்ணைக் குறிக்காமல், பதிவு இல்லாதவருக்கு விற்றதுபோலக் காட்டியிருந்தார். அந்த ஆண்டைப் பொறுத்தவரை, ஒரு வியாபாரி தொடர்பான வேறுபாடு 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால், விற்றதையும் வரி கட்டியதையும் உறுதிசெய்து அவரே தரும் சான்றுக் கடிதத்தை, சில வரம்புகளுக்கு உட்பட்டு, ஏற்கலாம் என்று துறையின் சுற்றறிக்கை சொல்கிறது. கடிதத்துக்கான வாசகத்தை இவர்களே எழுதித் தந்து, அந்த வியாபாரியிடம் தொலைபேசியில் பொறுமையாக விளக்கவும் செய்தார்கள். உண்மையிலேயே தவறாகக் கோரப்பட்டிருந்த மீதித் தொகையை 18 சதவீத வட்டியுடன் கட்டச் சொன்னார்கள். அதை மறைக்கவோ குறைக்கவோ யோசனை சொல்லவில்லை என்பது எனக்கு மிகுந்த மதிப்பை உண்டாக்கியது. விளக்கம் ஏற்கப்பட்டு, நடவடிக்கை அத்துடன் முடிந்தது.

அதே பில்களைப் பிரிக்கும்போது மற்றொரு பிழையும் வெளிப்பட்டது. கேரள வியாபாரிகள் சிலருக்கு அனுப்பிய சரக்குக்கு, மத்திய வரி, மாநில வரி என இரண்டாகப் பிரித்துக் கட்டப்பட்டிருந்தது; உண்மையில் வேறு மாநில விற்பனைக்குரிய ஐ.ஜி.எஸ்.டி. கட்டியிருக்க வேண்டும். வாங்குபவருடைய ஜி.எஸ்.டி. பதிவு எண் 33இல் தொடங்கினால் தமிழ்நாடு, 32இல் தொடங்கினால் கேரளம் என்பதை அன்றுதான் என் கடைப் பையனுக்கும் சொல்லிக்கொடுத்தேன். இப்படித் தலைப்பு (வரி வகை) மாறிக் கட்டிய வரிக்கு வட்டி கிடையாது. சரியான தலைப்பில் கட்டிவிட்டு, முன்பு கட்டியதைத் திரும்பக் கேட்கலாம். கேட்க வேண்டிய இரண்டு ஆண்டுக் கெடுவுக்குள் இவர்கள் விண்ணப்பித்ததால் அந்தப் பணம் என் கணக்குக்கு வந்து சேர்ந்தது.

இப்போது மாதந்தோறும் 14ஆம் தேதிக்குப் பிறகு, விற்றவர்கள் காட்டிய பில்களிலிருந்து தளத்தில் உருவாகும் 2பி அறிக்கையுடன் என் கொள்முதலை ஒப்பிட்டு, எந்த வியாபாரியின் பில் வரவில்லை என்ற பட்டியலை வாட்ஸ்அப்பில் அனுப்புகிறார்கள். 2022 தொடக்கத்திலிருந்து, அந்த அறிக்கையில் வராத பில்லுக்கு வரவு எடுக்க முடியாது என்பதால் இந்தப் பட்டியல் எனக்கு நேரடியாகப் பணம். பட்டியலில் இருக்கும் வியாபாரிக்கு அன்றைக்கே பேசிவிடுகிறேன்.

மாதக் கட்டணம் 1,500 ரூபாய். அறிவிப்புக்குப் பதில் தயாரிக்கத் தனியாக 6,000 ரூபாய் வாங்கினார்கள். அக்கம்பக்கத்தில் இதைவிடக் குறைவாகச் செய்பவர்கள் இருக்கிறார்கள். ஆனால் இவர்கள் தங்கள் கட்டணத்துக்கு முறையான பில் தருவதால், அதிலுள்ள 18 சதவீத வரியை நான் வரவாக எடுத்துக்கொள்கிறேன்.

நம் ஊரில் ரிட்டர்ன் போடுகிற எல்லோரையும் ஆடிட்டர் என்றே அழைக்கிறோம். ரிட்டர்ன் தாக்கலுக்கு, துறையிடம் பதிவு பெற்ற ஜி.எஸ்.டி. பிராக்டிஷனர் போதும்; ஆனால் வருமான வரித் தணிக்கை தேவைப்படும் அளவுக்குத் தொழில் வளர்ந்தால், பட்டயக் கணக்காளரின் கையெழுத்து இல்லாமல் நடக்காது. இங்கே இருப்பவர் பட்டயக் கணக்காளர். சேரும் முன் இதை எந்த அலுவலகத்திலும் கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது.

குறைகளும் உண்டு. ஒவ்வொரு மாதமும் 18 முதல் 20 வரை தொலைபேசியை யாரும் எடுப்பதில்லை. என் பில்களைப் பார்த்துப் பழகிய பணியாளர் விலகியபோது, புதியவருக்குத் தேன் தொழிலைத் தொடக்கத்திலிருந்து நானே விளக்க வேண்டியிருந்தது. தாக்கல் செய்த ஒப்புகையையும் கேட்டால்தான் அனுப்புகிறார்கள். கேட்காமலேயே அனுப்ப வேண்டும் என்று இரண்டு முறை சொல்லியும் மாறவில்லை. ஆகவே நானே மாதம் இருமுறை தளத்தைத் திறந்து, ஒப்புகையையும் அறிவிப்புப் பகுதியையும் பார்த்துக்கொள்கிறேன்.