8,700 கிமீ தாண்டியாச்சு, இன்னும் 600 தான்: டயர், செயின், கேரியர் இப்ப எப்படி இருக்கு

41 நாளா பைக்லயே இருக்கேன், இந்த ட்ரிப்புக்கு மட்டும் 8,700 கிமீ ஓடியிருக்கு, இன்னும் 600 கிமீ தான் பாக்கி. முடிச்சிட்டு எழுதினா எல்லாமே நல்லா இருந்த மாதிரி தான் தோணும், அதனால இப்பவே எழுதிடறேன்.

முதல்ல பின் டயர். கிளம்பும்போது புதுசு. பாதிக்கு மேல நேர் ரோடு, பின்னாடி முழு லோடு, அதனால நடுப்பக்கம் மட்டும் தேஞ்சு தட்டையாயிடுச்சு, ஓரமெல்லாம் இன்னும் புதுசாவே இருக்கு. உள்ளங்கையை குறுக்க வச்சு தடவினா ரெண்டு பக்கமும் ஒரு விளிம்பு தட்டுப்படுது. வளைவுல இது நல்லாவே தெரியுது, வண்டி சாய மாட்டேன்னு நிக்கும், அந்த விளிம்பு தாண்டினதும் சட்டுனு சாயும். முதல் தடவை காத்து இறங்கிடுச்சோன்னு பயந்து ஓரமா நிறுத்தி பார்த்தேன், காத்து சரியா தான் இருந்துச்சு. தேய்மானக் குறியை (டயர் பள்ளத்துக்குள்ள இருக்கற சின்ன மேடு, அது வரைக்கும் தேஞ்சா டயர் மாத்தணும்) இன்னும் தொடலை, ஆனா ரொம்ப மிச்சமில்ல, மழை வந்தா மெதுவா தான் போகப்போறேன்.

செயினுக்கு 500 கிமீக்கு ஒரு தடவை லூப் (வழவழப்புக்கு அடிக்கற எண்ணெய்), மழையில நனைஞ்சா அன்னைக்கு சாயங்காலமே, சூடு ஆறறதுக்குள்ள. இதுவரைக்கும் 3 தடவை டைட் பண்ணியிருக்கேன். அதுல ரெண்டு தடவை தப்பா பண்ணியிருக்கேன்னு இப்ப தான் புரியுது, ஒரே இடத்துல செயின் மேலும் கீழும் எவ்வளவு ஆடுதுன்னு பார்த்துட்டு 30 மிமீ இருக்கு, சரின்னு விட்டுட்டேன். போன வாரம் சக்கரத்தை முழுசா சுத்தி பார்த்தா இன்னொரு இடத்துல 20 கூட இல்ல. செயின் எல்லா இடத்துலயும் ஒரே மாதிரி நீளாது, எங்க ரொம்ப டைட்டா இருக்கோ அங்க வச்சு தான் செட் பண்ணணும், இல்லைனா குழியில பின் சஸ்பென்ஷன் அமுங்கும்போது பேரிங்கை போட்டு இழுக்கும்.

இஞ்சின் பத்தி சொல்ல ஒண்ணுமே இல்ல, ஆயில் மாத்தினேன், ஓடுது.

கேரியர் தான் என்னை ரொம்ப பயமுறுத்துச்சு. 3 நாளா இடது பக்கம் லேசா ஒரு டக் டக் சத்தம், பெட்டிக்குள்ள ஏதோ உருளுதுன்னு நினைச்சு அப்படியே ஓட்டிட்டேன். இறங்கி பெட்டியை கழட்டி பார்த்தா கீழ் போல்ட்டே இல்ல, மேல் போல்ட் ஒண்ணு தான் மொத்த வெயிட்டையும் தாங்கிட்டு இருந்துச்சு, அதுவும் விரலாலேயே சுத்த வருது. ட்ரிப் ஆரம்பத்துல தினமும் காலையில ஒவ்வொரு போல்ட்டையும் தொட்டு பார்த்துட்டு தான் கிளம்புவேன், 30 நாளைக்கு அப்புறம் அந்த பழக்கம் விட்டுப்போச்சு, அது முழுக்க என் தப்பு. வண்டி நல்லா தேஞ்சு கிடக்கற நேரத்துல தான் நாம பார்க்கறதையும் விடறோம், மனசு அதுக்குள்ள வீட்டுக்கு போயிடுது.

ஸ்பேர் போல்ட் கையில இருந்துச்சு, நீல த்ரெட்லாக்கர் (போல்ட் அதிர்வுல லூஸாகாம பிடிச்சுக்கற பசை) போட்டு இறுக்கி, போல்ட் தலையில இருந்து கேரியர் வரைக்கும் வெள்ளை பெயிண்ட்ல ஒரு கோடு போட்டு வச்சிருக்கேன், போல்ட் கொஞ்சம் சுத்தினாலும் கோடு விலகி காட்டிக்கொடுத்துடும்.

600ஐ ஒரே நாள்ல அடிச்சிடலாம்னு நேத்து வரைக்கும் ஆசை. வலது கை ரெண்டு விரல் மரத்துப்போய் இருக்கு, காதுல இயர்பிளக் இருந்தும் சாயங்காலம் ஆனா தலை கனக்குது, அதனால நாளைக்கு 320, மறுநாள் 280. இப்ப ஒரு தடவை டார்ச் அடிச்சு பார்த்துட்டு வந்தேன், கோடு நேரா தான் இருக்கு.