பட்டியல் இருக்கு, பாட்டு இல்லை: ஒரு ஆடியோ ஆப்புக்கு மூன்று நட்சத்திரம்

எங்கள் தோட்டத்தில் மாசி மாதம் காமன் கூத்து நடக்கும்போது தப்பு மேளச் சத்தத்தோடு பதிந்த பாட்டுகள் என்னிடம் 140க்கு மேல் இருக்கின்றன, பழையதெல்லாம் தாத்தா குரல். அவற்றை வரிசைப்படுத்திக் கேட்கத்தான் இந்த இலவச ஆப்பைப் போட்டேன். பெயர் வேண்டாம், செய்தவர் திருத்திக்கொண்டுதான் வருகிறார்.

பிடித்தது என்னவென்றால், இது ஃபைலை நகலெடுக்காது, இருக்கும் இடத்தை மட்டும் குறித்துவைக்கும். என் போனில் இடமே கிடையாது, பாட்டெல்லாம் மெமரி கார்டில்.

ஹட்டனிலிருந்து நானுஓயாவுக்கு ரயிலில் போகும்போது சார்ஜ் இறங்கிப் போன் அணைந்துவிட்டது. வீட்டுக்கு வந்து போட்டால் பட்டியல் அப்படியே இருக்கிறது, ஒரு பாட்டும் ஓடவில்லை. கார்டுதான் போய்விட்டதோ என்று பயந்து ஃபைல் மேனேஜரில் பார்த்தேன், எல்லாம் இருந்த இடத்தில்தான் இருந்தன.

விஷயம் இதுதான். ஆண்ட்ராய்டில் நாம் ஒரு ஃபைலைத் தேர்ந்து கொடுத்தால் ஆப்புக்குக் கிடைக்கும் அனுமதி போன் அணைந்து எழும்வரைதான். முகவரியை எழுதிவைத்து என்ன பயன், வாசலில் விடமாட்டார்களே! அனுமதி நிலையாக வேண்டுமென்றால் ஆப்தான் அதைத் தனியாகக் கேட்டு வாங்க வேண்டும். 2013இல் வந்த ஆண்ட்ராய்டு 4.4இலேயே அதற்கு வழி உண்டு, ஆப்பைச் செய்தவர் அதை எழுதவில்லை.

எழுதிப் போட்டேன், அப்டேட் வந்தது. சரி என்று அத்தனை பாட்டையும் ஒன்றொன்றாக மறுபடி காட்டினேன், பழையதிலிருந்து. கடைசிப் பாட்டைச் சேர்த்து முடிக்கும்போது முதலில் சேர்த்தவை ஓடவில்லை! என் போன் ஆண்ட்ராய்டு 10, அதில் ஒரு ஆப் இப்படி 128 அனுமதிதான் வைத்திருக்கலாம், அதற்கு மேல் போனால் பழையது கழன்றுவிடும். கழன்றது எல்லாம் தாத்தா. ஆண்ட்ராய்டு 11இல் இது 512.

இப்போது ஃபோல்டரையே கொடுக்கும் வசதி வைத்திருக்கிறார், முழு ஃபோல்டருக்கும் ஒரே அனுமதி. இதை முதலிலேயே செய்திருந்தால் எனக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை மிச்சம். மூன்று தடவை போனை அணைத்துப் பார்த்துவிட்டேன், பாடுகிறது. ஃபோல்டரை வேறு இடத்துக்கு மாற்றினால் மட்டும் திரும்பக் காட்ட வேண்டும்.

ஆண்ட்ராய்டு 11ஓ அதற்கு மேலோ வைத்திருப்பவர்கள் டவுன்லோட் ஃபோல்டரை நேராகக் கொடுக்கப் பார்க்காதீர்கள், விடாது. மச்சான் அதோடு அரை மணித்தியாலம் மல்லுக்கட்டினான். அதற்குள்ளே இன்னொரு ஃபோல்டர் போட்டு அதைக் காட்டுங்கள்.