ஔலி பனிச்சறுக்கு பேக்கேஜ்: 1,36,000 ரூபாய் போச்சு, நீங்களாவது கவனமாக இருங்கள்

கோபம் ஆறுவதற்குள் இதை எழுதிவிட வேண்டும். ஆறிப்போனால் "சரி, தொலையட்டும்" என்று நானே விட்டுவிடுவேன். அந்த ஆட்களும் அதைத்தான் எதிர்பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

நான்கு பேருக்கு 1,36,000 ரூபாய். ஆளுக்கு 34,000. விமான டிக்கெட் செலவு தனி. உத்தராகண்டில் ஔலிக்குப் போய் பனிச்சறுக்கு, மலைநடை என்று ஒரு பேக்கேஜ். விற்றது சமூக வலைத்தளத்தில் விளம்பரம் போட்டு ஆள் பிடிக்கும் ஒரு சென்னை டிராவல்ஸ். புகார் கொடுத்திருப்பதால் இப்போதைக்குப் பெயர் போடவில்லை.

குல்மார்க் போகலாமா, ஔலி போகலாமா என்று வீட்டில் பெரிய விவாதமே நடந்தது. ஔலியை நான்தான் சொன்னேன். நந்தா தேவி சிகரத்தைப் பார்த்தபடி சறுக்கலாம், 2011-இல் தெற்காசிய குளிர்கால விளையாட்டுப் போட்டிகள் நடந்த சரிவு, பக்கத்திலேயே கோர்சன் புல்வெளிக்கு நடந்துபோகலாம். பத்தாவது படிக்கும் என் மகன் சறுக்குப் பலகை வீடியோக்களாகப் பார்த்துத் தீர்த்துவிட்டான். என் தம்பியும் கூட வருவதாகச் சொன்னான்.

பணம் கட்டும் முன் எல்லாவற்றையும் கேட்டேன். முக்கியமாக ரோப்வே. கீழே இருக்கும் ஜோஷிமட் ஊரிலிருந்து ஔலிக்கு ஏறக்குறைய நான்கு கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரு ரோப்வே உண்டு. 2023 ஜனவரியில் ஜோஷிமட்டில் நிலம் இறங்கி வீடுகள் விரிசல் விட்டபோது அதை நிறுத்திவிட்டார்கள். அந்தச் செய்தி எனக்கு நன்றாக நினைவிருந்தது. "ரோப்வே கட்டணமும் சேர்த்துன்னு போட்டிருக்கீங்களே, அது ஓடுதா?" என்று கேட்டேன்.

"அக்கா, அது பழைய நியூஸ். இப்ப ஓடுது. போன வாரம்கூட ஒரு ஃபேமிலியை அனுப்பினேன்" என்றார் டிராவல்ஸின் ஒருங்கிணைப்பாளர். அடுத்த நிமிடமே ஒரு வீடியோ வந்தது. தேவதாரு மரங்களுக்கு மேலே கேபின் போகிறது, உள்ளே குழந்தைகள் சிரிக்கிறார்கள். அதோடு விட்டாரா? "எங்க அம்மாவையே கூட்டிட்டுப் போயிருக்கேன் அக்கா. தம்பிக்கு நான் பொறுப்பு, நீங்க நிம்மதியா வாங்க." என் மகனைத்தான் தம்பி என்றார். எவ்வளவு வாஞ்சையான குரல்! என் வீட்டுக்காரர் ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருந்தார். போனை வைத்ததும், "நல்ல பையனா இருக்கான்" என்று சொல்லி மீதிப் பணம் 96,000 ரூபாயை அனுப்பினார். முன்பணம் 40,000 ஏற்கெனவே போயிருந்தது. ஆக 1,36,000.

ரிஷிகேஷிலிருந்து ஜோஷிமட் சுமார் 250 கிலோமீட்டர். மலைப்பாதையில் ஒரு பகல் முழுவதும் அதிலேயே போய்விடும். இருட்டும் நேரத்தில் டிரைவர் எங்களை ஜோஷிமட் கடைத்தெருவில் ஒரு சந்துக்குள் இறக்கிவிட்டார். "ஔலியில் மலையைப் பார்த்த அறை" என்றுதான் எழுதிக் கொடுத்திருந்தார்கள். இங்கே ஜன்னலைத் திறந்தால் எதிர்வீட்டுத் தண்ணீர்த் தொட்டி. போன் செய்தேன். "ஔலின்னா ஜோஷிமட்டும் சேர்த்துதான் அக்கா." இரண்டுக்கும் நடுவே மலைரோட்டில் பதினைந்து கிலோமீட்டர் போல இருக்கிறது, பனிக்காலத்தில் அது சாதாரண ரோடா?

காலையில் ரோப்வே நிலையத்துக்குப் போனால் பூட்டிக் கிடக்கிறது. டீக்கடைக்காரரிடம் அந்த வீடியோவைக் காட்டினோம். விரிசல் விட்ட காலத்துக்கு முன்னால் எடுத்தது, அப்போது நிறுத்தியதை இன்னும் ஓட்டவில்லை என்றார். மறுபடி போன். "நான் சொன்னது சேர் லிஃப்ட் அக்கா." சேர் லிஃப்ட் என்பது ஔலிக்குள்ளேயே சரிவில் கொஞ்ச தூரம் ஏற்றிவிடுவது. ஜோஷிமட்டிலிருந்து ஏற்றிவராது. அந்த சேர் லிஃப்டுக்கும் கடைசியில் நாங்கள்தான் டிக்கெட் எடுத்தோம். மேலே போக டாக்ஸிக்கும் நாங்களே கொடுத்தோம்.

இதெல்லாம்கூடப் பணத்தோடு போகிறது. சறுக்குச் சாமான் விஷயத்தை என்னால் மன்னிக்கவே முடியவில்லை.

"பயிற்சி பெற்ற பயிற்சியாளர், தரமான உபகரணம்" என்றார்கள். வந்து நின்றது பதினேழு பதினெட்டு வயதுப் பையன். அவனுக்கும் சென்னையிலிருந்து பணம் வரவில்லையாம், பாவம். கொண்டுவந்த பூட்ஸ் என் மகனின் காலுக்கு இரண்டு சைஸ் பெரிது. ஒரு பக்கிள் உடைந்துபோய், பச்சை நைலான் கயிற்றால் சுற்றிக் கட்டியிருந்தது. பூட்ஸைப் பலகையோடு பிடித்து வைக்கும் பைண்டிங் என்று ஒன்று உண்டு. சறுக்குபவரின் எடை, உயரம், பூட்ஸின் நீளம், பழக்கம் எல்லாம் பார்த்து அதன் இறுக்கத்தைத் திருகி வைக்க வேண்டும். விழும்போது பலகை தானாகக் கழன்றுவிட வேண்டும். கழலாவிட்டால் முறுக்கு முழுவதும் முழங்காலில்தான் இறங்கும். யாரும் எடை கேட்கவில்லை. எதையும் திருகவில்லை. பலகைகளின் முனைகளைச் சேர்த்துப் பின்பக்கத்தை விரித்தால் வேகம் குறையும் என்று ஒரு தடவை செய்து காட்டினான். ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை, வேறு கூட்டத்தைப் பார்க்கப் போய்விட்டான். என் மகன் விழுந்தான், இடது பலகை கழலவில்லை. அவன் கத்தியது இன்னும் காதில் இருக்கிறது. தசைநார் இழுத்துக்கொண்டிருக்கிறது, எலும்புக்கு ஒன்றுமில்லை என்றார் டாக்டர். இப்போதும் முழங்காலில் பட்டை போட்டுக்கொண்டுதான் பள்ளிக்கூடம் போகிறான். "தம்பிக்கு நான் பொறுப்பு" என்ற ஆள் இதுவரை "எப்படி இருக்கான்" என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

மலைநடைக்கு வருவதாகச் சொன்ன வழிகாட்டி வரவே இல்லை. மகனோடு என் வீட்டுக்காரர் அறையில் இருந்துகொண்டார். நானும் தம்பியும் உள்ளூர்க்காரர் ஒருவருக்குத் தனியாகப் பணம் கொடுத்து கோர்சனுக்கு நடந்தோம். அந்த மனிதரைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். ஓக் மரக் காட்டுக்குள் எங்கே காலை வைத்தால் பனி முழங்கால்வரை இழுக்கும் என்று ஊன்றுகோலால் குத்திக் குத்திப் பார்த்துக் கூட்டிப்போனார். காடு முடிந்து வெட்டவெளி வந்ததும் நந்தா தேவி, 7,816 மீட்டர், ஒரு மேகம்கூட இல்லாமல் எதிரே நின்றது. துரோணகிரியையும் காட்டினார். ஔலியை நான் குறை சொல்லவில்லை, அற்புதமான இடம். என் மகன் அதைப் பார்க்கவில்லையே என்பதுதான் வயிற்றெரிச்சல்.

ஊர் திரும்பியபின் நடந்தது இன்னொரு கூத்து. முதலில், "பனி எங்க கையில இல்லக்கா." நான் பனியைப் பற்றியா கேட்டேன்? அப்புறம், "அக்கவுண்ட்ஸ்ல பேசிட்டுச் சொல்றேன்." அப்புறம் மேனேஜர் லீவு. மேனேஜர் கிடைத்ததும், "ரீஃபண்ட் பாலிசி கிடையாது மேடம், அடுத்த டிரிப்ல பத்து பர்சென்ட் குறைச்சுத் தர்றோம்." அக்கா மேடமாகிவிட்டேன். 1,36,000 ரூபாயை விழுங்கிவிட்டு, அடுத்த டிரிப்புக்கு என் பிள்ளையை மறுபடி அனுப்ப வேண்டுமாம்! டாக்டர் சீட்டைப் படமெடுத்து அனுப்பினேன். இரண்டு நீல டிக் விழுந்தது. அதற்குப் பிறகு என் எண்ணை பிளாக் செய்துவிட்டார்கள். தம்பியின் எண்ணிலிருந்து கூப்பிட்டால் குரலைக் கேட்டதும் கட் செய்கிறார்கள்.

போகிறவர்களுக்கு விரிவாக எழுத நினைத்தேன், கை நடுங்குகிறது, அவசரமாக இதை மட்டும் சொல்கிறேன். ரோப்வே ஓடுகிறதா என்று ஏஜென்ட்டிடம் கேட்காதீர்கள், அங்கே இருக்கும் ஹோட்டலுக்கு நேராகப் போன் போட்டுக் கேளுங்கள். தங்கும் ஹோட்டலின் பெயரை எழுத்தில் வாங்கி, உங்கள் பெயரில் அறை இருக்கிறதா என்று விசாரியுங்கள். உண்மையிலேயே கற்றுக்கொள்ள விரும்பினால் கட்வால் மண்டல் விகாஸ் நிகம் என்ற அரசு நிறுவனம் பனிக்காலத்தில் ஔலியில் 7 நாள், 14 நாள் வகுப்புகள் நடத்துவது வழக்கம், அதை விசாரியுங்கள். பைண்டிங்கைச் சரிபார்க்காமல் பிள்ளைகளைச் சரிவில் விடாதீர்கள். தனி ஆள் பெயரில் இருக்கும் கணக்குக்கு முழுப் பணத்தையும் அனுப்பாதீர்கள். ஏமாந்தவர்கள் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் பேசுங்கள். நீங்கள் இருக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம், வக்கீல் கட்டாயமில்லை.

இதே ஆட்களிடம் ஔலிக்கோ வேறு மலைக்கோ பணம் கட்டி ஏமாந்தவர்கள் இருந்தால் ரசீது, அரட்டைப் பதிவு எதையும் அழிக்காமல் எனக்குத் தனிச்செய்தி அனுப்புங்கள். சேர்ந்து புகார் கொடுக்கலாம்.