டேஷ்கேம் பெட்டியில் போட்டிருக்கும் 140 டிகிரி: சுவரில் அளந்ததும் ரோட்டில் பார்த்ததும்

டேஷ்கேம், அதாவது காரின் முன்கண்ணாடியில் வைத்து ரோட்டைப் பதிவு செய்யும் கேமரா, வாங்கப் போகிறவர்கள் முதலில் கேட்பது "எத்தனை டிகிரி?" என்பதுதான். பெட்டி மேல் 140, 170 என்று பெரிய எழுத்தில் போட்டிருப்பார்கள். அது பெரும்பாலும் படத்தின் ஒரு மூலையில் இருந்து எதிர் மூலை வரைக்குமான கோணம். ஆனால் ரோட்டில் நமக்கு வேண்டியது இடது ஓரத்தில் இருந்து வலது ஓரம் வரை எவ்வளவு தெரிகிறது என்பது, அதைப் பல பெட்டிகளில் தேடினாலும் கிடைக்காது. நான் நாகர்கோவிலில் இருந்து மார்த்தாண்டத்துக்கு வேலைக்குப் போய்வரும் காரில் ஒரு வருஷத்துக்கு மேலாக 140 போட்ட கேமரா ஓடுகிறது. மச்சான் காரில் 170 போட்டது. இரண்டையும் வீட்டில் அளந்து, பதிவுகளையும் அடுத்தடுத்துப் போட்டுப் பார்த்தாயிற்று. நம் ஊர் ரோட்டுக்கு 170 தேவையில்லை என்பது என் முடிவு.

அளக்கிற முறை ரொம்ப எளிது. நீளமான சுவர் ஒன்று வேண்டும். எனக்கு வீட்டுக் காம்பவுண்டு சுவர் போதுமானதாக இருந்தது. லென்ஸ் உயரத்துக்குச் சுவரில் ஒரு கோடு போட்டு, நடுவில் ஒரு குறி. அந்தக் குறிக்கு நேர் எதிரே, சரியாக 50 செ.மீ. தள்ளி, ஒரு ஸ்டூல் மேல் கேமரா. பதிவு ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒரு ஆள் கறுப்பு இன்சுலேஷன் டேப் துண்டை விரலில் ஒட்டிக்கொண்டு கோட்டின் மேலேயே ஓரத்தை நோக்கி நகர்த்திக்கொண்டே போக வேண்டும், படத்தை விட்டு மறைகிற இடத்தில் ஒட்டிவிட வேண்டும். இரண்டு பக்கமும் இதே வேலை. இதை போன் ஆப்பில் தெரியும் நேரடிப் படத்தை நம்பிச் செய்யாதீர்கள், அதில் ஓரம் வெட்டுப்பட்டிருக்கலாம். மெமரி கார்டில் பதிவான வீடியோவைக் கம்ப்யூட்டரில் போட்டு ஓரக் குறி சரிதானா என்று பார்த்துவிடுவது நல்லது.

எனக்கு ஒரு ஓரத்தில் இருந்து மறு ஓரம் வரை 170 செ.மீ. வந்தது. பாதி 85. அதை 50ஆல் வகுத்தால் 1.7. போன் கால்குலேட்டரைக் கிடைமட்டமாகத் திருப்பினால் வரும் தலைகீழ் டேன் (tan⁻¹) பட்டனில் 1.7ஐக் கொடுத்தால் 59.5, இரண்டால் பெருக்கினால் 119 டிகிரி. கால்குலேட்டர் டிகிரியில் இருக்க வேண்டும், ரேடியனில் இருந்தால் விடை எங்கேயோ போய்விடும். கேமரா லேசாகத் திரும்பியிருந்து இடது பக்கம் 82, வலது பக்கம் 88 என்று வந்தாலும் கவலை இல்லை. இரண்டு பக்கத்துக்கும் தனித்தனியே கோணம் கண்டு கூட்டிக்கொள்ளலாம். அகல லென்ஸில் ஓரம் வளைந்து தெரிகிறதே, கணக்கு தப்பாதா என்று மச்சான் கேட்டான். தப்பாது. படத்துக்குள் கோடு எப்படி வளைந்தாலும், ஓரத்தில் மறைகிற புள்ளி சுவரில் எங்கே இருக்கிறது என்பதை மட்டும்தான் நாம் அளக்கிறோம்.

இதில் ஒரு நுணுக்கம் உண்டு. தூரத்தை லென்ஸின் முன் கண்ணாடியில் இருந்து அளக்கிறோம், ஆனால் கோணம் விரியத் தொடங்கும் இடம் அதற்குச் சற்று உள்ளே இருக்கும். இவ்வளவு கிட்டத்தில் 1 செ.மீ. வித்தியாசமே ஏறக்குறைய 1 டிகிரியைக் கூட்டிக் காட்டிவிடும். அதனால் கேமராவை 100 செ.மீ.க்குத் தள்ளி வைத்து இன்னொரு தடவை அளந்தேன்: 336 செ.மீ. கேமரா 50 செ.மீ. பின்னால் போனதற்கு அகலம் 166 கூடியிருக்கிறது, பாதி 83. 83ஐ 50ஆல் வகுத்துக் கணக்குப் போட்டால் 118 டிகிரிக்குக் கொஞ்சம் கீழே. லென்ஸுக்குள் அந்த இடம் எங்கே இருந்தாலும் இந்த முறையில் அது தானாகவே கழிந்துவிடும், அதனால் நான் நம்புவது இந்த எண்ணைத்தான். அப்புறம் கேமராவைச் சாய்த்து, ஒரு மூலையும் எதிர் மூலையும் கோட்டின் மேல் வருகிற மாதிரி வைத்துப் பார்த்தால் 50 செ.மீ.யில் 269 செ.மீ., அதாவது 139 டிகிரி. பெட்டியில் போட்டது பொய் இல்லை.

மச்சானின் 170 கேமராவுக்கு 50 செ.மீ. தூரத்தில் கிடைத்த அகலம் 2 மீட்டர். கணக்குப்படி 127 டிகிரி. அதே 50 செ.மீ. தூரத்தில் என்னுடையது 119. பெட்டியில் 30 டிகிரி வித்தியாசம், ரோட்டைப் பார்க்கிற கோணத்தில் 8 டிகிரிதான்.

இரண்டு கேமராவும் எவ்வளவு தெளிவு என்பதை நம்பர் பிளேட்டில் பார்க்கலாம். என்னுடையது 2560 புள்ளி (பிக்சல்) அகலப் படம், 118 டிகிரிக்குப் பிரித்தால் டிகிரிக்குச் சுமார் 22 புள்ளி. அவனுடையது 1920, டிகிரிக்கு 15. இந்த வித்தியாசத்தில் பெரும்பங்கு புள்ளி எண்ணிக்கையால் வருவது, கோணத்தால் வருவது கொஞ்சம்தான். காரின் பிளேட் அரை மீட்டர் நீளம். 8 மீட்டர் முன்னால் போகும் காரில் அது மூன்றரை டிகிரி இடத்தைத்தான் பிடிக்கும். என் பதிவில் அதற்கு எழுபத்தைந்துக்கு மேல் புள்ளி கிடைக்கிறது, அவன் பதிவில் ஐம்பத்து சொச்சம். TN என்பதற்கு அடுத்து வருவது நாகர்கோவிலின் 74ஆ மார்த்தாண்டத்தின் 75ஆ என்று என் பதிவில் நிறுத்திப் படித்துவிடலாம், அவன் பதிவில் 4ம் 5ம் கலங்கி நிற்கும். சாயங்காலம் மேற்கே பார்த்துப் போகும்போது எதிர்வெயில் நேராக அடிக்கும், அந்த நேரத்தில் அகல லென்ஸ் வானத்தையும் நிறைய வாரிக்கொள்வதால் முன்னால் போகும் வண்டியின் பின்பக்கம் இருண்டுவிடுகிறது. கேமராவைக் கொஞ்சம் கீழே குனிய வைத்தால் இரண்டு கேமராவிலும் இது குறைகிறது.

சரி, ஓரம் போதுமா? தக்கலை, வெட்டூர்ணிமடம் மாதிரி இடங்களில் சந்துக்குள் இருந்து பைக் சட்டென்று ரோட்டில் ஏறும், நம் ஊரில் பயப்பட வேண்டியது இதற்குத்தான். லென்ஸுக்கு 2 மீட்டர் முன்னால், ஏறத்தாழ பம்பர் இருக்கும் இடத்தில், 118 டிகிரி கேமராவுக்குப் பக்கவாட்டில் 3.3 மீட்டர் வரை தெரியும். 127 டிகிரிக்கு 4 மீட்டர். முக்கால் மீட்டர்கூட முழுசாக இல்லை. இத்தனை நாள் பதிவில் பைக் நுழைவது தெரியாமல் போன இடம் ஒன்றுகூட எனக்குக் கண்ணில் படவில்லை. கதவுப் பக்கம் வந்து உரசுகிற வண்டி இரண்டிலுமே விழாது, அதற்கு முன் கேமராவை நம்பிப் பயனில்லை.

வாங்கின பிறகும் சுவர்க் குறிகளை அழிக்காமல் வைத்திருங்கள். நொடிக்கு 60 ஃப்ரேம் (படம்) வைத்தால் பிளேட் தெளிவாக வரும் என்று ஒரு நண்பர் சொன்னார், மாற்றிவிட்டு அதே குறிகளுக்கு முன்னால் வைத்துப் பார்த்தால் 50 செ.மீ.யில் 143 செ.மீ.தான் தெரிந்தது, 110 டிகிரி. அந்த மோடில் கேமரா, படம் பிடிக்கும் சென்சாரின் ஓரத்தை வெட்டி எடுக்கிறது. செட்டிங்ஸில் இதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. அதனால் 30 ஃப்ரேமுக்கே திருப்பி வைத்து ஓட்டுகிறேன்.