ஸ்பின்னர்பேய்ட் ஸ்கர்ட் வாங்குபவர்களே, பையைப் பிரிக்காமல் "பொருள் கிடைத்தது" என்று அமுக்காதீர்கள்

186 வெள்ளி (ரிங்கிட்) போச்சு. நேற்று ராத்திரி, ஸ்கர்ட் விற்ற ஆள் என் எண்ணைத் தடுத்துவிட்டார். தூக்கம் வரவில்லை, அதனால் எழுதுகிறேன். ஸ்பின்னர்பேய்ட் என்பது தகடு சுழலும் செயற்கைத் தூண்டில் இரை; அதன் கொக்கியை மறைக்கும் இழைக் குஞ்சம்தான் ஸ்கர்ட்.

நான் பினாங்கு மாநிலத்துப் பிறையில் இருக்கிறேன். மாதம் இரண்டு முறை புக்கிட் மேரா ஏரிக்குத் தோமான் (பெரிய விரால் வகை மீன்) பிடிக்கப் போவேன். தோமான் கடித்தால் ஸ்கர்ட்டில் பாதி இழை போய்விடும். மிச்சத்தை வெயில் தின்றுவிடும். போன் செயலி ஒன்றில் நேரலையாகத் தூண்டில் சாமான் விற்கிறவர், "அசல் சிலிக்கோன், வெயில்ல ஒட்டாது, ஒரு வருசத்துக்கு நான் பொறுப்பு" என்றார். ஓர் இழையை முழ நீளம் இழுத்துவிட்டார், படக்கென்று சுருண்டது. ரப்பரும் அப்படித்தான் சுருளும் என்பது அப்போது உறைக்கவில்லை. தமிழில் வேறு பேசினார். நம்ம ஆள் என்று நம்பினேன். அறுபது ஸ்கர்ட், அவை கெடாமல் காக்கும் என்று ஒரு போத்தல் எண்ணெய், மொத்தம் 186 வெள்ளி.

பார்சல் வந்த அன்றே செய்தி வந்தது: "அண்ணே, பொருள் கிடைச்சதுன்னு அமுக்கிடுங்க, அடுத்த தடவை 20 வெள்ளி கழிச்சுத் தரேன்." அமுக்கும்வரை பணம் செயலியிடம்தான் இருக்கும் என்பது எனக்குத் தெரியும். தெரிந்தும், பையைக்கூடப் பிரிக்காமல் அமுக்கினேன்.

அவர் சொன்னபடி எண்ணெய் தடவிப் பெட்டியில் வைத்தேன். இரண்டு வாரம் கழித்துத் திறந்தால், ஒருமுறைகூட நனையாத ஸ்கர்ட்டுகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகக் கிடக்கின்றன. கறுப்புச் சாயம் வெள்ளையில் ஏறியிருக்கிறது. தொட்டால் விரலில் பிசுபிசுவென்று இழுக்கிறது. எண்ணெயை மோந்தால் மண்ணெண்ணெய் வாடை. ஓர் இழையைக் கொளுத்திப் பார்த்தேன். சிலிக்கோன் எரிந்தால் வெள்ளைச் சாம்பல் நிற்கும். இது கரும்புகை விட்டு டயர் மாதிரி நாறியது. தோட்டத்தில் பால்மரம் வெட்டிய அப்பா பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார். "இது ரப்பருடா. மண்ணெண்ணெய் பட்டா ஊறி இளகிடுமே" என்றார்.

விற்றவரிடம் கேட்டதற்கு, "வெயில்ல வச்சீங்களாண்ணே?" அப்புறம், "உப்புத் தண்ணியில போட்டிருப்பீங்க." நனையவே இல்லை என்று படம் அனுப்பினேன். "சரக்கு குடுத்த இடத்துல கேக்கிறேன்" என்று மூன்று நாள் இழுத்தார். நான்காம் நாள் அண்ணே போய் சார் ஆனேன். அதற்கப்புறம் பதிலே இல்லை. செயலிக்காரர்களோ, நீங்களே உறுதி செய்துவிட்டீர்கள் என்ற ஒரே வரியை மூன்று தடவை அனுப்பினார்கள்.

ஸ்கர்ட்டை நீண்ட நாள் காப்பது பற்றி விரிவாக எழுதத்தான் நினைத்தேன், இப்போது பொறுமை இல்லை. மீன்பிடித்து வந்ததும் நல்ல தண்ணீரில் அலசி நிழலில் காய வையுங்கள். ரப்பர் என்றால் டால்கம் பவுடர் தூவித் தனிப் பையில் போடுங்கள், தூண்டிலில் மாட்டும் மென்பிளாஸ்டிக் புழுக்களோடு சேர்க்காதீர்கள். மண்ணெண்ணெய், பெட்ரோல், துரு நீக்கும் ஸ்பிரே எதுவும் கிட்டவே வரக்கூடாது. காரின் பின்பெட்டியில் விடாதீர்கள். ஸ்கர்ட்டைப் பிடித்து இழுபட்டு நிற்கும் ரப்பர் வளையம்தான் முதலில் வெடிக்கும், அதற்குப் பதில் மெல்லிய கம்பியால் கட்டிவிடுங்கள். வாங்கியதும் ஓர் இழையைக் கொளுத்திப் பாருங்கள், அப்புறம் அமுக்குங்கள்.

பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் மனுவுக்குக் கட்டணம் 5 வெள்ளிதான். திங்கட்கிழமை போடுகிறேன். அனுப்பியவர் முகவரியுள்ள பார்சல் உறையை அம்மா குப்பையில் போட்டிருந்தார். எடுத்துத் துடைத்து வைத்திருக்கிறேன்.