கொடைக்கானலில் பிள்ளை தூங்க: தூளியா, மெத்தையா? ஹீட்டரா, கம்பளியா?

கோடை விடுமுறை விட்டதும் மதுரை, திண்டுக்கல், தேனிப் பக்கத்து வீடுகளில் கொடைக்கானல் பேச்சு தொடங்கிவிடும். எந்த வண்டியில் போவது, எங்கே தங்குவது, யார் யார் வருவது என்று எல்லாமே விலாவாரியாகப் பேசப்படும். பிள்ளை அங்கே எப்படித் தூங்கும் என்பதை மட்டும் யாரும் பேசுவதில்லை. முதல் ராத்திரி 2 மணிக்கு அது வீறிட்டு அழும்போதுதான் அந்தப் பேச்சே வரும்.

நான் சொல்ல வருவது இதுதான். தூங்கும் நேரமும், தூங்குவதற்கு முன் வீட்டில் நடக்கும் வரிசையும் மலையிலும் அப்படியே இருக்க வேண்டும். படுக்கையும் உடுப்பும் மட்டும் மாற வேண்டும். நாம் பெரும்பாலும் தலைகீழாகச் செய்கிறோம். நேரத்தைக் காற்றில் விட்டுவிட்டு, வீட்டுத் தூளிப் புடவையையும் வீட்டுப் போர்வையையும் மூட்டை கட்டிக்கொண்டு போகிறோம்.

கிளம்பும் நேரம்

"ராத்திரி 2 மணிக்கு எடுத்துட்டா பிள்ளை தூங்கிக்கிட்டே வந்துரும்" என்பது பல அப்பாக்களின் கணக்கு. வத்தலக்குண்டு வரை அந்தக் கணக்கு சரியாக வரும். காட்ரோடு தாண்டி ஏறத் தொடங்கியதும் வளைவுக்கு வளைவு உடம்பு ஆடி, தூக்கம் அரைகுறையாகக் கலையும். விடியும்போது மேலே போய் இறங்கினால் ரூமும் கிடைக்காது. பல விடுதிகளில் பகல் 11, 12 மணிக்குத்தான் செக்-இன். அதுவரை குளிரில் காருக்குள்ளேயே உட்கார வேண்டும். அன்று முழுக்கப் பிள்ளை சிணுங்கும், சாயங்காலம் 5 மணிக்கு அசந்து தூங்கும், ராத்திரி 11 வரை கொட்டக் கொட்ட விழித்திருக்கும். ஓட்டுகிறவரும் தூக்கம் கெட்ட கண்ணோடு பனிமூட்டத்தில் மலை ஏற வேண்டியிருக்கும். எனக்கு அதுதான் பெரிய பயம்.

மதியத்துக்கு மேல் கிளம்புவது அதைவிடச் சங்கடம். சீசனில் பெருமாள்மலைப் பக்கம் வண்டிகள் வரிசை கட்டி நிற்கும். இருட்டிய பிறகு, பசியோடு, முன்பின் பார்க்காத அறைக்குள் நுழைகிற பிள்ளை எப்படி நிம்மதியாகத் தூங்கும்?

காலைச் சாப்பாட்டை முடித்து 8, 8.30-க்குக் கிளம்புவதற்கே என் ஓட்டு. மதுரையிலிருந்து கொடைக்கானல் சுமார் 120 கிலோமீட்டர். வத்தலக்குண்டில் நின்று, லேசாக ஏதாவது கொடுத்து, டயப்பர் மாற்றிவிட்டு ஏறினால், மலைப்பாதையும் மதியத் தூக்கமும் ஏறக்குறைய ஒன்றாக வரும். 2 வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்குத்தான் வளைவுகளில் வாந்தி அதிகம். தூங்கும் பிள்ளைக்கு அந்தத் தொல்லை குறையும். கைக்குழந்தைக்கு ஏறும்போது காது அடைத்தால் பால் கொடுப்பது போதும், விழுங்க விழுங்கச் சரியாகிவிடும். 2024 மே மாதத்திலிருந்து கொடைக்கானலுக்கும் ஊட்டிக்கும் இ-பாஸ் வந்துவிட்டதால் அதை வீட்டிலேயே எடுத்துவிடுங்கள். தூங்கிக்கொண்டிருக்கும் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு போனில் ஓடிபி தேடும் வேலை வேண்டாம்.

எதில் படுக்க வைப்பது

இதில்தான் வீட்டுக்கு வீடு சண்டை. நான்கு வழிகள் இருக்கின்றன.

முதலில் தூளி. ராத்திரிக்கு வேண்டாம் என்பதை அதன் அருமை தெரியாமல் சொல்லவில்லை. மதுரையில் மே மாத இரவு 26, 27 டிகிரியில் நிற்கும்போது, பருத்திப் புடவையில் நான்கு பக்கமும் காற்று பட்டு, பிள்ளை வியர்க்காமல் தூங்குகிறது என்றால் அதற்குத் தூளிதான் காரணம். ஆனால் கொடைக்கானலில் அதே மே மாதத்தில் இரவு 12, 13 டிகிரிக்கு இறங்கும். ஜனவரியில் 10-க்கும் கீழே போகும். கீழே காற்று போவது அங்கே குறையாகிவிடுகிறது. மேலே எவ்வளவு போர்த்தினாலும் முதுகுப் பக்கம் ஒற்றைத் துணிதான். அந்தக் குளிரைச் சமாளிக்க உள்ளே கம்பளியை மடித்துப் போட்டால், பிள்ளையின் முகம் துணியில் புதைகிற ஆபத்து வரும். அப்புறம் மாட்டுவதற்குக் கொக்கி இருக்காது. ஜன்னல் கம்பியிலும் கதவிலும் கட்டுவதை நினைத்துப் பார்க்கவே வேண்டாம். இன்னொன்று, தூளி நனைந்தால் மேகம் இறங்கும் ஊரில் புடவை காய ஒரு நாள் போதாது. பகலில் வெயில் அடிக்கும் வராந்தாவில் ஸ்டாண்டு தொட்டில் கிடைத்தால், நீங்கள் பக்கத்திலேயே இருக்கும்போது கொஞ்ச நேரம் ஆட்டலாம். ராத்திரிக்கு வேண்டாம்.

இரண்டாவது, அப்பா அம்மாவுக்கு நடுவில் பெரிய கட்டில். பெரும்பாலோர் செய்வது இதுதான், ஒட்டிப் படுத்தால் பிள்ளைக்குக் கதகதப்பு என்பதும் உண்மைதான். ஆனால் விடுதி மெத்தை அமுங்கும், ரஜாய் என்கிற பஞ்சுப் போர்வை கனமாக இருக்கும், பெரியவர் புரளும்போது அந்த ரஜாய் பிள்ளையின் முகத்துக்கு ஏறும். ஒரு வயதுக்குக் கீழே உள்ள குழந்தையை இப்படிப் படுக்க வைக்காதீர்கள். அன்று யாராவது மது அருந்தியிருந்தாலோ, தூக்கம் வரவைக்கும் சளி மாத்திரை போட்டிருந்தாலோ நிச்சயமாகக் கூடாது. மூன்று, நான்கு வயதுப் பிள்ளை என்றால் பயமில்லை. உதை வாங்கிக்கொண்டு நீங்கள் தூங்கத் தயார் என்றால் சரி.

மூன்றாவது, மடக்குத் தொட்டில். சில விடுதிகளில் கேட்டால் தருகிறார்கள், காரில் இடமிருந்தால் சொந்தமாகவும் கொண்டு போகலாம். ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு இதுதான் முதல் இடம். மெத்தை கெட்டியாக இருக்க வேண்டும், அதன் மேல் விரிப்பு இறுக்கமாக இருக்க வேண்டும், உள்ளே தலையணை, பொம்மை, தனிப் போர்வை எதுவும் கூடாது, மல்லாக்கப் படுக்க வைக்க வேண்டும். குளிருக்கு, கைகள் வெளியே இருக்கும்படி பை மாதிரி ஜிப் வைத்துத் தைத்த உடுப்பு கிடைக்கிறது; அது நழுவி முகத்துக்கு ஏறாது. தொட்டிலை உங்கள் கட்டிலுக்குப் பக்கத்தில், ஜன்னலிலிருந்தும் வெளிச்சுவரிலிருந்தும் தள்ளிப் போடுங்கள். இரவில் ஜன்னல் கண்ணாடியில் கை வைத்துப் பாருங்கள், ஏன் என்று புரியும்.

நான்காவது, எக்ஸ்ட்ரா பெட் என்று தரும் மெத்தையைத் தரையில் போடுவது. ஒன்றரை வயதுக்கு மேல், உருளுகிற பிள்ளைகளுக்கு நான் இதையே சொல்வேன். விழுந்துவிடும் என்ற பயமில்லை, அம்மாவும் பக்கத்தில் படுத்துத் தட்டிக்கொடுத்துவிட்டு நைசாக எழுந்துவிடலாம். தரைக் குளிர் மட்டும் ஏறும். டைல்ஸ் தரையில் நேரே போடாமல், அடியில் ஒரு பாயும் அதன் மேல் மடித்த கம்பளியும் விரித்து, அப்புறம் மெத்தை. பலகைத் தரை உள்ள பழைய வீடு கிடைத்தால் இந்தப் பாடு பாதி குறையும். மெத்தைக்கு மேல் ரப்பர் ஷீட்டை மறக்காதீர்கள். குளிரில் பிள்ளைகளுக்கு ஒன்றுக்கு அதிகம் போகும், வீட்டில் நனைக்காத பிள்ளையும் அங்கே நனைக்கும். அதற்குத் திட்டக் கூடாது, பாவம்.

ஹீட்டரும் கம்பளியும்

"பிள்ளைக்குக் கை கால் ஐஸா இருக்கு, ஹீட்டரைப் போடு" என்பார் அப்பத்தா. "போட்டா மூக்கடைச்சுக்கும் அத்தை" என்பாள் மருமகள். இரண்டு பேர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. ஊதுகிற ஹீட்டர் சீக்கிரம் அறையைச் சூடாக்கும், ஆனால் வறண்ட காற்றில் பிள்ளைக்கு மூக்கு அடைத்து, வாயால் மூச்சு விட்டு, தாகத்தில் எழும். சத்தமில்லாத ஆயில் ஹீட்டர் கொஞ்சம் தேவலை. எதுவானாலும் படுக்கப் போவதற்கு ஒரு மணி நேரம் முன்னே போட்டு, பிள்ளை தூங்கியதும் நிறுத்திவிடுவது நல்லது. திரைச்சீலைக்கும் போர்வைக்கும் எட்டாத தூரத்தில் இருக்கட்டும், அதன் மேல் துணி காயப் போட வேண்டாம். கரி அடுப்பை மட்டும் அறைக்குள் கொண்டுவரவே கூடாது. வெளியே மூட்டிய பார்பிக்யூ கரியைக் கதகதப்புக்கு என்று உள்ளே வைத்து, கதவைச் சாத்தித் தூங்கியவர்கள் காலையில் எழுந்திருக்காத செய்தி மலையிலிருந்து வந்திருக்கிறது. கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையும் இல்லை, நிறமும் இல்லை.

எனக்கு உடுப்பின் மேல்தான் நம்பிக்கை. மின்சாரம் போனாலும் அது வேலை செய்யும். உள்ளே பருத்திப் பனியன், மேலே முழுக்கை உடுப்பு, காலில் சாக்ஸ். அந்த அறையில் உங்களுக்கு எத்தனை அடுக்கு போதுமோ, பிள்ளைக்கு அதைவிட ஒன்று கூட. கை கால் சில்லென்று இருப்பதை வைத்து முடிவு செய்யாதீர்கள், சின்னப் பிள்ளைகளுக்கு அது அப்படித்தான் இருக்கும். உங்கள் கையைத் தேய்த்துச் சூடாக்கிக்கொண்டு, பிள்ளையின் பிடரியில் இரண்டு விரலை உள்ளே விட்டுப் பாருங்கள். வெதுவெதுவென்று உலர்ந்திருந்தால் சரி. பிசுபிசுத்தால் ஒரு அடுக்கைக் கழற்றுங்கள்; ராத்திரி அழும் பிள்ளைகளில் குளிரால் அழுபவை போலவே, புழுக்கத்தால் அழுபவையும் இருக்கின்றன. குல்லா வெளியில் நடக்கும்போது அவசியம். படுக்கையில் கைக்குழந்தைக்குக் குல்லா வேண்டாம், சூடு தலை வழியாகத்தான் வெளியேற வேண்டும், நழுவி மூக்கையும் மூடும். வெந்நீர்ப் பையை விரிப்புக்குள் வைத்து எடுத்துவிட்டுப் பிள்ளையைப் படுக்க வைக்கலாம், உள்ளேயே விடக் கூடாது.

குளிருக்கு ஒரு சொட்டு பிராந்தி, தூக்கத்துக்கு அரை மூடி இருமல் சிரப் என்று இன்னும் சொல்பவர்கள் இருக்கிறார்கள். இரண்டையும் தொடவே தொடாதீர்கள். இதில் விவாதத்துக்கே இடமில்லை.

ஃபேன் இல்லாத அறை

இதைப் பலர் கவனிப்பதில்லை. நம் ஊர்ப் பிள்ளை பிறந்ததிலிருந்து தலைக்கு மேல் ஓடும் ஃபேன் சத்தத்தில் தூங்குகிறது. கொடைக்கானலில் பல அறைகளில் ஃபேனே கிடையாது. அந்த நிசப்தத்தில் பக்கத்து அறைக் கதவு சாத்துவதும், தெருவில் காட்டுமாட்டைக் கண்டு நாய் குரைப்பதும் பெரிதாகக் கேட்கும். கிளம்புவதற்கு முன் வீட்டு ஃபேன் ஓடுவதைப் போனில் பதிவு செய்துகொள்ளுங்கள். அறையின் மறுகோடியில், திரையைக் கவிழ்த்து வைத்து, மெதுவாக ஓட விடுங்கள். தாலாட்டு பாடுவதும் நல்லதுதான், ஆனால் நீங்கள் நிறுத்தியதும் அது நின்றுவிடும். ராத்திரி நடுவில் விழிக்கும் பிள்ளை தானே திரும்பத் தூங்க ஃபேன் சத்தம் கைகொடுக்கும்.

ஊருக்குள்ளா, ஒதுக்குப்புறமா

ஏரிப் பக்கமும் பஸ் ஸ்டாண்டு பக்கமும் சீசனில் நடுராத்திரி வரை ஹாரன் ஓயாது. பூம்பாறைப் பக்கத்துக் காட்டேஜ்கள் பார்க்க அழகு. ஆனால் காய்ச்சல் கண்ட கைக்குழந்தையோடு, பனிமூட்டத்தில், காட்டு வழியே அரசு மருத்துவமனைக்கு வர வேண்டியிருக்கும். ஒரு வயதுக்குக் கீழே என்றால் நாயுடுபுரம், அட்டுவம்பட்டி மாதிரி ஊரை ஒட்டிய இடங்கள் போதும். புக் செய்யும் முன் போனில் கேளுங்கள்: வெந்நீர் எத்தனை மணிவரை வரும், ஜன்னல் சரியாகச் சாத்துமா, கேம்ப் ஃபயரும் பாட்டும் எத்தனை மணிவரை. பல இடங்களில் வெந்நீர் காலையில் மட்டும்தான். வெந்நீர்க் குளியல் போட்டுத் தூங்கிப் பழகிய பிள்ளைக்கு அது பெரிய குறை. அப்படியானால் ஒரு ஃபிளாஸ்க் வெந்நீர் வாங்கி, முகம் கை கால் துடைத்து, உடுப்பு மாற்றி, பால், கதை, விளக்கு அணைப்பு என்று மீதி வரிசையை வீட்டில் போலவே நடத்துங்கள். ஹோம்மேட் சாக்லேட் மதியத்தோடு நிற்கட்டும். சாயங்காலம் அதைத் தின்றுவிட்டு ராத்திரிச் சாப்பாட்டைத் தள்ளும் பிள்ளை, பசியில் நடுச்சாமத்தில் எழும்.

மதியத் தூக்கம்

ஒன்று, இரண்டு வயதுப் பிள்ளைக்கு மதியத் தூக்கத்தோடு சேர்த்து நாளுக்கு 11 முதல் 14 மணி நேரம் தூக்கம் வேண்டும். 3 முதல் 5 வயதுக்கு 10 முதல் 13. சுற்றிப் பார்க்கும் அவசரத்தில் முதலில் அடிபடுவது மதியத் தூக்கம்தான். "களைச்சுப் போனா ராத்திரி நல்லாத் தூங்கும்" என்று நினைப்போம். அளவுக்கு மீறிக் களைத்த பிள்ளை அடங்கவே அடங்காது. ஆகவே பகலில் காரில் தூங்க வைப்பதா, அறைக்குத் திரும்புவதா என்று கேட்டால், முதல் நாளும் இரண்டாம் நாளும் அறைக்குத் திரும்புங்கள். காலையில் பிரையன்ட் பூங்காவும் ஏரியும், மதியம் அறை, 3 மணிக்கு மேல் பக்கத்தில் ஏதாவது ஒன்று. மன்னவனூர் மாதிரி தூரத்து இடத்துக்கு மூன்றாம் நாள் போகலாம். அப்போது காரில் தூங்கினாலும் சாயங்காலம் 4 மணிக்குள் எழுப்பிவிட வேண்டும். கோக்கர்ஸ் வாக்கில் விடியற்காலை மேகம் பார்க்க எல்லோரையும் எழுப்பத் தேவையில்லை. ஒரு நாள் அப்பாவும் பெரிய பிள்ளையும் போய் வரட்டும், மறுநாள் அம்மா போகட்டும், சின்னதைத் தூங்க விடுங்கள்.