தனி இதழும் பெருந்தொகுப்பும்: ஒரே கதையை மூன்று வடிவங்களில் படித்த அனுபவம்

என் அலமாரியில் 'இரத்தப் படலம்' என்ற சித்திரக்கதை மூன்று வடிவங்களில் இருக்கிறது. பள்ளி நாட்களிலிருந்து ஒவ்வொன்றாகச் சேர்த்த கறுப்பு வெள்ளைத் தனி இதழ்கள் கீழ்த்தட்டில் ஒரு தகரப் பெட்டிக்குள் இருக்கின்றன. 2010இல் லயன் காமிக்ஸ் 18 பாகங்களையும் ஒன்றாக்கி 200 ரூபாய்க்கு வெளியிட்ட, 800 பக்கங்களைத் தாண்டிய கறுப்பு வெள்ளைத் தொகுப்பு நடுத்தட்டில் படுத்திருக்கிறது. 2018இல் வண்ணத்தில் வந்த மூன்று தொகுதிகள் அதன் பக்கத்தில் நிற்கின்றன. ஒரே கதையை எதற்காக மூன்று முறை வாங்க வேண்டும் என்று வீட்டில் பலமுறை கேட்டிருக்கிறார்கள். மூன்றையும் முதலிலிருந்து கடைசி வரை படித்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: படிக்கும்போது அவை மூன்றும் எனக்கு ஒரே கதையாக இருந்ததில்லை.

சிவகாசியிலிருந்து 1972இல் முத்து காமிக்ஸும் 1984இல் லயன் காமிக்ஸும் தொடங்கின. நான் படிக்கத் தொடங்கியபோது எங்கள் ஊர்ப் பேருந்து நிலையத்துக் கடையில் புதிய இதழ்களைக் கயிற்றில் கிளிப் போட்டுத் தொங்கவிட்டிருப்பார்கள். பள்ளி விட்டு வரும்போது, "அண்ணாச்சி, புது புக் வந்துட்டா?" என்று கேட்பது அன்றாடக் கடமை. பல நாட்கள் அவர் நிமிர்ந்து பார்க்காமலேயே கையை அசைத்துவிடுவார். அடுத்த பாகம் அடுத்த மாதமே வரும் என்ற உறுதி எதுவும் கிடையாது. சில பாகங்களுக்கு இடையே மாதங்களும், சிலவற்றுக்கு இடையே ஆண்டுகளும் கடந்திருக்கின்றன.

இந்தக் கதைக்கு அந்த இடைவெளி விசித்திரமான முறையில் பொருந்தியது. ழான் வான் ஹாம் எழுதி வில்லியம் வான்ஸ் வரைந்த இந்தத் தொடரின் நாயகன், கடலோரத்தில் குண்டடிபட்டு ஒதுங்கிக் கிடக்கும்போது கண்டெடுக்கப்படுகிறான். தன் பெயரே அவனுக்கு நினைவில்லை. காறை எலும்புக்கு அருகே பச்சை குத்தப்பட்ட ரோமானிய எண் 13 மட்டுமே அவனிடமுள்ள ஒரே தடயம். ஓராண்டுக்குப் பிறகு புதிய பாகத்தைத் திறக்கும்போது, யார் நண்பன், யார் துரோகி, எந்தப் பெயர் யாருடையது என்பவற்றில் பாதியை நானும் மறந்திருப்பேன். பழைய இதழ்களை வரிசையாக எடுத்து முதலிலிருந்து படித்துவிட்டுத்தான் புதியதற்குள் நுழைவேன். இவ்வாறு முதல் சில பாகங்களைப் பத்துப் பதினைந்து முறையாவது படித்திருப்பேன். இன்றும் அந்தப் பாகங்களில் ஒரு படக் கட்டத்தை மட்டும் காட்டினால் அடுத்த கட்டத்தில் யார் எந்தப் பக்கம் திரும்பி நிற்கிறார் என்று சொல்ல முடியும். பின்னாளில் தொகுப்பில் மட்டுமே படித்த பாகங்களைப் பற்றி அப்படிச் சொல்ல முடியவில்லை.

தனி இதழின் பெரிய ஆபத்து, ஓர் இதழ் தவறிப்போவது. கிரீன்ஃபால்ஸ் என்ற பனி பெய்யும் சிற்றூருக்கு நாயகன் தன் தந்தையைப் பற்றிய உண்மையைத் தேடிச் செல்லும் பகுதி அடங்கிய இதழ் எனக்குக் கிடைக்கவே இல்லை. எங்கள் ஊருக்கு அது வரவில்லையா, வந்து நான் பார்ப்பதற்குள் விற்றுத் தீர்ந்ததா என்பது தெரியவில்லை. அதற்கு அடுத்ததைப் படித்தபோது அந்த ஊரில் ஏதோ பெரிதாக நடந்து முடிந்துவிட்டது என்பது மட்டும் புரிந்தது. ஆகவே, தந்தை யார், அவரைக் கொன்றது யார், ஊர் எதை மறைக்கிறது என்பவற்றுக்கு நானே ஒரு விடை கட்டிக்கொண்டேன். பல ஆண்டுகள் அந்த விடையோடுதான் மற்ற பாகங்களைப் படித்தேன். 2010 தொகுப்பு கையில் வந்த இரவில் முதல் பக்கத்தைத் திறக்காமல் நேராக அந்தப் பகுதியைத் தேடிச் சென்றேன். உண்மையான கதை நான் கட்டியதைவிட மிகவும் இருண்டதாகவும் சிறப்பானதாகவும் இருந்தது. இருந்தாலும், நான் கட்டிய கதையை இழந்ததில் ஒரு சிறு வருத்தம் இருந்தது என்பதையும் மறைக்க விரும்பவில்லை. தொகுப்பில் முதன்முறையாகப் படிக்கும் ஒருவருக்கு அந்த வருத்தமும் இருக்காது, அப்படி ஒரு கதையைத் தானே கட்ட வேண்டிய தேவையும் வராது.

பிறகு முழுத் தொகுப்பையும் தொடர்ச்சியாக ஐந்து இரவுகளில் படித்து முடித்தேன். கதையின் கட்டுமானம் அப்போதுதான் முழுதாகத் தெரிந்தது. ஒரு பாகத்தின் ஓரத்தில் ஒரு வரி பேசிவிட்டுப் போகும் ஒருவர், நான்கு பாகங்களுக்குப் பிறகு வேறு பொறுப்பில் வந்து நிற்பதை இடைவெளி விட்டுப் படித்தபோது நான் கவனித்ததே இல்லை. அதே சமயம், முன்பு கண்ணில் படாத தையல்களும் தென்பட்டன. ஒவ்வொரு பாகத்தின் தொடக்கத்திலும் பாத்திரங்கள் தங்களுக்கு நன்றாகத் தெரிந்த செய்திகளையே ஒருவருக்கொருவர் விளக்கிக்கொள்கிறார்கள். ஓராண்டு காத்திருந்து வரும் வாசகனுக்கு அந்த விளக்கம் கைவிளக்கு மாதிரி. பத்து நிமிடங்களுக்கு முன் முந்தைய பாகத்தை முடித்தவனுக்கு அது இடறல்.

இன்னொன்றும் அப்போது புரிந்தது. இந்தத் தொடர் 1984இல் 'ஸ்பிரூ' என்ற பெல்ஜிய வார இதழில் தொடராகத்தான் முதலில் வந்தது. அதன் பிறகே ஆல்பமாக, அதாவது தனிப் புத்தகமாக, ஆனது. அதாவது, நான் தனி இதழ் என்று கொண்டாடியதே வாரத் தொடரின் தொகுப்புதான். ஒரு பக்கத்தின் கடைசிக் கட்டத்தில் கதவு திறப்பதும், நிழல் விழுவதும், யாரோ திடுக்கிட்டுத் திரும்புவதும் ஏன் இத்தனை முறை நிகழ்கின்றன என்பதற்கு விடை அங்கே இருக்கிறது. இதழ் முடியும் இடத்தில் வாசகன் ஒரு வாரம் நிற்க வேண்டும் என்பதை எண்ணி அமைக்கப்பட்ட பக்கங்கள் அவை.

கௌபாய் நாயகன் டெக்ஸ் வில்லர் விஷயத்தில் இது இன்னும் தெளிவு. 1948இல் இத்தாலியில் தொடங்கிய இந்தத் தொடரில் 110 பக்கங்கள் கொண்ட மாத இதழ் ஒன்றுக்குள் பழைய கதை பாதியில் முடிந்து, புதியது பாதியில் தொடங்குவது வழக்கமாக இருந்திருக்கிறது. தமிழில் அவற்றை முழுக் கதைகளாகச் சேர்த்து 224 பக்கம், 336 பக்கம் என்று தடித்த இதழ்களாகக் கொடுக்கிறார்கள். இத்தாலிய வாசகர் இரண்டு மூன்று மாதம் காத்திருந்து படித்ததை நாம் ஞாயிற்றுக்கிழமை மதியம் ஒன்றில் முடிக்கிறோம். டெக்ஸுக்கு இது சரியான வடிவம் என்பதே என் கருத்து. அவர் கதைகளில் புதிரைவிடப் பயணமும் துரத்தலுமே முதன்மை. நடுவில் நிறுத்தினால் குதிரையிலிருந்து இறங்கி நடந்து போகிற உணர்வுதான் வருகிறது.

தொகுப்புகளில் காணாமல் போவது கதைக்கு வெளியே இருந்தவைதான். லயன் காமிக்ஸ் ஆசிரியர் எஸ். விஜயன் வாசகர்களுக்கு எழுதும் 'ஹாட்லைன்' பகுதி, அவருடைய 'சிங்கத்தின் சிறுவயதில்' தொடர், வாசகர் கடிதங்கள், பக்கம் நிரப்ப வந்த விச்சு கிச்சு சிரிப்புப் படக்கதை, அடுத்த வெளியீட்டின் விளம்பரம் ஆகியவற்றை அன்று நான் கதைக்கு முன்பே படிப்பேன். எந்த ஊரில் யார் என்ன கதை கேட்கிறார்கள், எந்தக் கதையை யார் திட்டுகிறார்கள் என்று தெரிந்துகொண்டது அந்தக் கடிதங்களில்தான். அமெரிக்காவிலும் இதுதான் நிலை. பிரையன் கே. வான் எழுதி ஃபியோனா ஸ்டேபிள்ஸ் வரையும் 'சாகா' என்ற காமிக்ஸ் தொடர் 2012இல் தொடங்கியது. ஆறு ஆறு இதழ்களாகச் சேர்த்துத் தொகுதிகள் வருகின்றன. தனி இதழ்களில் வரும் வாசகர் கடிதப் பகுதி அவற்றில் இடம்பெறுவதில்லை. 2018இல் 54ஆம் இதழோடு நின்ற கதை 2022 ஜனவரியில்தான் மீண்டும் தொடங்கியது. தொகுதிகளை மட்டும் வாங்கி இன்று படிப்பவருக்கு அந்த மூன்றரை ஆண்டு மௌனம் அடுத்த தொகுதியை எடுக்கும் இரண்டு நொடிதான்.

தொகுத்து வைக்கும் ஆசை நமக்குப் புதிதல்ல. 1950 முதல் 1954 வரை 'கல்கி'யில் வந்த 'பொன்னியின் செல்வன்' பக்கங்களை வாரந்தோறும் பிரித்தெடுத்து பைண்டு செய்து வைத்த வீடுகள் எத்தனையோ. என் பெரியம்மா வீட்டிலும் அப்படியொரு தொகுப்பு இருந்தது. ஓவியங்களும் பின்பக்கத்து விளம்பரங்களும் சேர்ந்தே தைக்கப்பட்டிருக்கும். அதைப் பார்த்துத்தான் கல்லூரி நாட்களில் பன்னிரண்டு இதழ்களை நோட்டுப் புத்தகம் தைக்கும் ஒரு கடையில் கொடுத்தேன். வாங்கிய அன்று காலிகோ துணி முதுகோடு மிக அழகாக இருந்தது. திறந்தபோதுதான் மூன்று பக்க ஓரங்களையும் சமமாக வெட்டியிருந்தது தெரிந்தது. பக்க எண்கள் போயிருந்தன. ஓரத்தில் இருந்த பேச்சுக் குமிழ்களில் வரியின் கடைசி எழுத்துகள் போயிருந்தன. "நீ சொல்வது உண்மையா" என்பது "நீ சொல்வது உண்" என்று நின்றது. உள்ளோரத்தில் விழுந்த தையல் இன்னொரு பங்கை விழுங்கியிருந்தது. அதற்குப் பிறகு ஒரு தனி இதழைக்கூட நான் பைண்டிங்குக்குக் கொடுத்ததில்லை.

கையில் பிடித்துப் படிக்கும் வசதியில் தனி இதழுக்கு நிகரே இல்லை. நடுவில் பின் அடித்த இதழ் தட்டையாக விரியும். பக்கத்தின் நடுவில் இருக்கும் படம் முழுதாகத் தெரியும். பெருந்தொகுப்பில் அந்தப் படம் முதுகுக் குழிக்குள் வளைந்து விழுகிறது; அழுத்தி விரித்தால் பசை விடும். 800 பக்க நூலைப் படுத்துக்கொண்டு படிக்க முடியவில்லை என்பதால், பாராயணத்துக்குப் புத்தகத்தை விரித்து வைக்கும் மடக்குப் பலகையில் வைத்துத்தான் படிக்கிறேன். ஆனால் ஆண்டுகள் போகப்போக நிலைமை மாறிவிடுகிறது. தகரப் பெட்டியில் இருக்கும் இதழ்களின் பின்கள் துருப்பிடித்து, ஒவ்வொரு நடுத்தாளிலும் இரண்டு பழுப்புப் புள்ளிகளை விட்டிருக்கின்றன. தாள் மடிப்பில் நொறுங்குகிறது. அவற்றை இப்போது வேப்பிலை போட்டு மூடி வைத்திருக்கிறேனே தவிர, புரட்டுவதில்லை. புரட்டிப் படிப்பதற்கு உறுதியானது தொகுப்புதான்.

வண்ணத்தைப் பற்றி ஒரு சொல். கௌபாய் நாயகன் கேப்டன் டைகரின் 'மின்னும் மரணம்' 2015இல் வண்ணத் தொகுப்பாக வந்தபோது, அதன் கறுப்பு வெள்ளைப் பக்கங்களையும் அருகில் வைத்து ஒப்பிட்டுப் படித்தேன். அதை வரைந்த ழான் ஜிரோவின் தூரிகைக் கோடுகள், பாறையின் விரிசலும் முகத்தின் தாடியும், கறுப்பு வெள்ளையில்தான் எனக்குத் துல்லியமாகத் தெரிந்தன. வண்ணத்தில் தெரிந்தது பாலைவனத்தின் வெயில், எந்த நேரத்தில் காட்சி நிகழ்கிறது என்பது. எது மேல் என்று என்னால் தீர்ப்புச் சொல்ல முடியவில்லை. இரண்டும் எனக்கு வேண்டும்.

இத்தகைய தொகுப்புகள் முன்பதிவு பெற்று அளவாக அச்சிடப்படுபவை என்பதால், தவறவிட்டால் பழைய புத்தகச் சந்தையில் கேட்கும் விலை மனத்தை நோகடிக்கும். புதிதாகத் தொடங்குபவர்களிடம், சதியும் ரகசியமும் பல பாகங்களில் நீளும் கதையாக இருந்தால் முன்பதிவிலேயே தொகுப்பை வாங்கிவிடும்படியும், மற்றவற்றுக்குச் சந்தா கட்டி இதழ்களாகப் பெறும்படியும் சொல்கிறேன். கூடவே, தொகுப்பை ஒரே மூச்சில் முடித்துவிட வேண்டாம் என்றும் கேட்டுக்கொள்கிறேன்.

நானே இப்போது அப்படித்தான் படிக்கிறேன். வண்ணத் தொகுதிகளில் ஞாயிறு இரவு ஒரு பாகம் மட்டும்; அது முடியும் பக்கத்தில் ஒரு தாள் துண்டை வைத்து மூடிவிடுகிறேன். வாரத்தின் நடுவில் ஏதாவது ஒரு கட்டம் நினைவுக்கு வந்தால் புத்தகத்தைத் திறக்காமல் தகரப் பெட்டிக்கே போய், பழைய இதழின் அட்டையை மட்டும் பார்த்துவிட்டு வருகிறேன். சென்ற ஞாயிறு ஐந்தாம் பாகத்தை முடித்தேன். தாள் துண்டு கிரீன்ஃபால்ஸுக்கு முந்தைய பக்கத்தில் இருக்கிறது.